சந்தையின் ஞானத்தாய்

சான் கயேத்தானோவில் ஒரு காலத்தில் குமெர்சிந்தாவின் வாய்க்குப் பயப்படாத ஆண்பிள்ளை கிடையாது, பாதிரியார் உட்பட. சிந்தா என்றுதான் ஊர் அவளைக் கூப்பிடும். பூங்கா ஓரத்தில், தலைநகருக்குப் போகிற பஸ் வந்து நிற்கிற இடத்தில், சோளமாவுக்குள் கறி வைத்து வாழையிலையில் கட்டி அவித்த தமால் விற்றாள். அடுத்த இடம் என்னுடையது. பச்சை மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்பேன். இருபது வருஷத்துக்கு மேல் தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள். இப்போது அவளைப் பற்றி ஊரில் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. அதனால்தான் நான் சொல்கிறேன்.

அவள் காப்பித் தோட்டத்தில் பிறந்தவள். அப்பனும் அம்மாவும் பழம் பறிக்கிற கூலிகள். மழை நின்று பழம் சிவந்தால் ஒரு தோட்டம், அது முடிந்தால் அடுத்த தோட்டம் என்று அலைந்த குடும்பம். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. எவரிஸ்தோ என்று ஒருவனைக் கட்டிக்கொண்டு இந்த ஊரில் குடியேறினாள். ஒனெய்தா என்று ஒரு மகள் பிறந்தாள். மகள் நடக்கத் தொடங்குவதற்குள் எவரிஸ்தோ வடக்கே, அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனான். கொஞ்ச நாள் போன் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவனுக்கு என்ன ஆயிற்றோ என்று நான் ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன்.

"செத்திருந்தா எவனாவது சொல்லி அனுப்பியிருப்பான் பாவுலி. யாரும் சொல்லல. அப்ப கல்யாணம்தான் பண்ணிருக்கான்" என்றாள். சொல்லிவிட்டுத் தமால் பானையின் மூடியைத் திறந்து ஆவி பார்த்தாள். அவ்வளவுதான் அவள் அழுத அழுகை.

அவள் வாயால்தான் நாங்கள் பிழைத்தோம். முன்னால் இருந்த மேயர் ஒருவன், திருவிழாவுக்குப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள், இந்தப் பொம்பிளைகளை அப்புறப்படுத்துங்கள் என்று ஆள் அனுப்பினான். சிந்தா நேரே நகராட்சி வாசலுக்குப் போனாள். அவனுடைய வண்டியின் முன்பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "இறங்கு" என்றான் டிரைவர். "உங்க ஐயா வந்து இறக்கட்டும். என் இடுப்புல கை வெச்சு இறக்கட்டும், ஊர் பார்க்கட்டும்" என்றாள். ஐயா ஜன்னலை மூடிக்கொண்டான். மத்தியானம் வரைக்கும் வெயிலில் காய்ந்துகொண்டு அவன் குலத்தையே பேர் பேராகக் கூப்பிட்டுத் திட்டினாள். சாயங்காலம் நாங்கள் எங்கள் இடத்தில் உட்கார்ந்திருந்தோம். அதற்கப்புறம் எங்களை அசைக்க எவனுக்கும் துணிவு வரவில்லை.

பிறகு அபெலார்தோ மேயராக வந்தான். 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். முந்தையவர்கள் கத்துவார்கள், கத்துகிறவனை எதிர்த்துக் கத்தலாம். இவன் கத்தவே மாட்டான். சிரித்துக்கொண்டே வருவான், தோளில் கை போடுவான், வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்று பேர் சொல்லி விசாரிப்பான். ஊருக்கு நுழைகிற இடத்தில் நல்வரவு வளைவு ஒன்று கட்டினான். வளைவுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டத்தை ஒட்டி மண் ரோடு அப்படியே கிடந்தது. அதைக் கேட்டால் "எல்லாம் வரும், முன்னேற்றம் படிப்படியாத்தான் வரும்" என்பான்.

ஒருநாள் பூங்காவில் ஒரு பெரிய பலகை நட்டார்கள். பூங்கா எப்படி ஆகப்போகிறது என்று அதில் வரைந்திருந்தது. புல்தரை, விளக்குக் கம்பங்கள், நாங்கள் கேள்விப்படாத ஏதோ மரங்கள், நிழலில் உட்கார்ந்து சிரிக்கிற வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று. எங்களைக் காணோம். எங்களுக்குக் கல்லறைப் பக்கம் தனியாகச் சந்தை கட்டுகிறார்களாம். கூரை உண்டு, சிமெண்டு மேடை உண்டு, கழிப்பறை உண்டு.

பொய் சொல்வானேன், கழிப்பறை என்றதும் எங்களில் பாதிப் பேருக்கு மனசு ஆடியது. அத்தனை வருஷமாக அவசரத்துக்குப் பாதிரியாரின் சமையல்காரியிடம் போய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற பிழைப்பு எங்களுடையது. ஆனால் பஸ் பூங்காவில் நிற்கிறது. பஸ் நிற்கிற இடத்தில்தான் வாங்குகிறவன் நிற்பான். கல்லறையில் நிற்கிறவன் தமால் வாங்குவானா? இது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எல்லாரும் சிந்தாவைத்தான் பார்த்தோம். அந்த இடம் போனால் எங்களுக்குச் சோறு போயிற்று. அவளுக்கு எங்களைவிட அதிகமாகப் போய்விடும். அந்த நடைபாதையில் உட்கார்ந்துதான் அவள் ஒரு ஆளாக ஆனாள்.

வண்டி மேல் ஏறி உட்காருவாள் என்றுதான் நினைத்தேன். அவள் வேறு ஒன்றை யோசித்து வைத்திருந்தாள்.

ஒனெய்தாவுக்கு அப்போது ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது, ஜெர்சன் என்று பேர். குழந்தையின் அப்பன் பெயரைக் கேட்காதீர்கள், அவளும் சொல்லவில்லை. மாங்காய் கீறிக்கொண்டிருந்த என்னிடம் சிந்தா ரகசியம் பேசுகிறவள் மாதிரி நெருங்கி வந்தாள்.

"ஜெர்சனுக்கு ஞானத்தகப்பனா அபெலார்தோவைக் கேக்கப் போறேன்."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"நீ கேளு. சண்டை போட்டா அவன்தான் ஜெயிப்பான். போலீசு அவன் கையில, ஜட்ஜு அவன் கையில. கொம்பாத்ரே ஆயிட்டான்னா? சொந்த கொமாத்ரேயை நடுத்தெருவுல நிறுத்துவானா? நிறுத்துனா ஊரே காறித் துப்பாது?"

"அடியே, எலெக்‌ஷனுக்கு எலெக்‌ஷன் அவன் தூக்காத பிள்ளை இந்த ஊர்ல எது? அத்தனைக்கும் அவன் ஞானத்தகப்பன்தான். அவனுக்கு அதெல்லாம் ஓட்டு."

"அந்தப் பொம்பிளைங்க எல்லாம் வாயில்லாதவங்க. நான் அப்படியா?"

இந்த வழக்கத்தை வெளியூர்க்காரர்கள் லேசாக எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது லேசு இல்லை. ஒருவன் ஒரு பிள்ளைக்கு ஞானத்தகப்பன் ஆனால், பிள்ளையின் வீட்டுக்காரர்களுக்கு அவன் கொம்பாத்ரே, அவர்கள் வீட்டுப் பெண்கள் அவனுக்கு கொமாத்ரே. அன்றிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிடுவது கிடையாது. வா போ கிடையாது. எதிரே வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு நலம் விசாரிக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் அடித்துக்கொள்ளலாம், அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளலாம். இவர்களுக்குள் ஒரு சுடுசொல் வரக்கூடாது. வந்தால் செத்த பிறகு கண் மூடாது என்பார்கள், அந்தப் பிள்ளைக்கும் ஆகாது என்பார்கள். சிந்தா இதை வைத்துத்தான் அவனைக் கட்டப் பார்த்தாள். கட்டுகிற கயிற்றுக்கு இரண்டு முனை உண்டு என்பது அவ்வளவு புத்திசாலிக்குத் தெரியாமல் போயிற்று.

அவன் கேட்டவுடன் சம்மதித்தான். "எனக்குப் பெருமை" என்றான். ஞானஸ்நானத்தன்று குழந்தைக்கு வெள்ளைச் சட்டையும் குட்டி ஷூவும் கொண்டுவந்தான். கூடவே போட்டோக்காரனையும் கொண்டுவந்தான். சிந்தா வீட்டில் கோழி சூப் குடித்தான், தமாலைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். "இனிமே நாம ஒரே ரத்தம், கொமாத்ரே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது அவன் கண் கலங்கியிருந்தது. அந்த வாரமே ஒனெய்தாவுக்குச் சுகாதார நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற வேலை கிடைத்தது. சிந்தா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினாள். எனக்கே கொஞ்சம் ஆசை வந்துவிட்டது, ஒருவேளை இவள் சொன்னது சரிதானோ என்று.

அடுத்த மாதம் ஊர்க்கூட்டம் போட்டார்கள். சந்தை விஷயத்தைப் பேசுவதற்கென்றே போட்ட கூட்டம். கூடைப்பந்து மைதானத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. நாங்கள் எல்லாரும் முன்வரிசை, நடுவில் சிந்தா. அபெலார்தோ மைக்கைப் பிடித்தான். திட்டம், நிதி, எதிர்காலம் என்று எதுவும் பேசவில்லை. நேரே இவளைப் பார்த்தான்.

"என் கொமாத்ரே இங்க உக்காந்திருக்காங்க. இந்த ஊர்ல மனசுல இருக்கறதை மறைக்காம பேசறவங்க அவங்க ஒருத்தர்தான். நான் என்ன பேசறது? அவங்க சொல்லட்டும். கொமாத்ரே, எழுந்திருங்க. என் மேல என்ன குறை இருந்தாலும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

சிந்தா எழுந்தாள். எங்கள் முதுகெல்லாம் நிமிர்ந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். கடைசியில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரலில் கேட்டாள்.

"பஸ் அங்க நிக்குமா, கொம்பாத்ரே?"

"நிக்கும் கொமாத்ரே. என் வார்த்தை."

கொம்பாத்ரே வார்த்தை கொடுத்துவிட்டான். நம்பமாட்டேன் என்று ஊர் நடுவில் சொன்னால் அது அவன் முகத்தில் துப்பினதற்குச் சமம். சிந்தா உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான் கூட்டம். மீன் விற்கிற எதெல்வினா, எங்களில் மூத்தவள், வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் "வித்துட்டாடி, மகளுக்கு ஒரு வேலைக்கு நம்மளை வித்துட்டா" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சண்டைக்குப் போனேன்.

புதுக் கட்டடம் எது திறந்தாலும் எங்கள் ஊரில் அதற்கு ஒரு ஞானத்தாய் வேண்டும். நாடா வெட்டுவாள், தோளில் பட்டை போட்டுக்கொள்வாள், பேர் பலகையில் ஏறும். சந்தைக்கு யார் ஞானத்தாய்? வேறு யார். வாத்தியக்காரர்கள் முழங்க, தோளில் நீலப் பட்டையோடு சிந்தா கத்தரிக்கோலைப் பிடித்து நின்றாள். பக்கத்தில் அவன் சிரித்தான். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பஸ் அங்கே நிற்கவில்லை. ஒரு நாளும் நிற்கவில்லை. பஸ் முதலாளி அபெலார்தோவின் மச்சான். நின்று புறப்பட டீசல் அதிகம் ஆகிறது என்றான். வளைவுக்குள் நுழைந்து நேரே பூங்காவுக்குப் போய்த்தான் மூச்சு விடும். பூங்காவில் நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் கண்ணாடி வைத்த காப்பிக்கடை வந்தது, அபெலார்தோவின் மூத்த மகளுடையது. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் அங்கே காப்பி குடித்தார்கள், நகரத்திலிருந்து வந்து பெட்டியில் சூடாகிக்கொண்டிருந்த தமாலைத் தின்றார்கள். நகரத்துத் தமால், உள்ளே கறியைத் தேட வேண்டும்.

சந்தை கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாயிற்று. ஒருத்தி மகனைத் தேடி வடக்கே கிளம்பினாள். இரண்டு பேர் நகரத்தில் சட்டை தைக்கிற பாக்டரிக்குப் போனார்கள். எதெல்வினா மீனைத் தலையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள், அந்த வயசில். நான் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட்டேன். கழிப்பறைக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? அதில் தண்ணீர் வந்ததே இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை நகராட்சி வைத்துக்கொண்டது.

சிந்தா மட்டும் போகவில்லை. கொம்பாத்ரே வார்த்தை கொடுத்திருக்கிறானே. காலையில் பானையைத் தூக்கிக்கொண்டு போவாள், குழி வெட்டுகிறவர்களுக்கும் சவ ஊர்வலத்தில் வருகிறவர்களுக்கும் நாலைந்து விற்பாள், மீதியைத் திரும்பச் சுமந்து வருவாள். பஸ் விஷயத்தை மகள் மூலம் அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். "ஒரு மாசம் பொறுக்கச் சொல்லு கொமாத்ரேயை" என்று பதில் வந்தது. அடுத்த மாசமும் அதே பதில். நான் பொறுக்காமல் சிந்தாவிடமே போய்க் கேட்டேன்.

"உன் வாய் எங்கடி போச்சு? போய்க் கேளேன் அவனை."

"கேட்டா என்ன சொல்லிக் கேப்பேன் பாவுலி? ‘உங்க வார்த்தை என்னாச்சு’ன்னா அது சண்டை. சண்டை போட்டா ஜெர்சனுக்கு ஆகாது."

"அதெல்லாம் அவனுக்குத் தெரியாதா? அவன் உன்னை ஏமாத்துனது பிள்ளைக்கு ஆகுமா?"

"அவன் பாவம் அவனுக்கு" என்றாள். அவளை அந்தப் பேச்சுப் பேச வைத்தானே என்று எனக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன்.

எங்கள் ஊருக்குப் பேர் கொடுத்த புனிதர் சான் கயேத்தானோ உழைப்புக்கும் சோற்றுக்கும் பாதுகாவலர் என்பார்கள். ஆகஸ்டில் அவர் திருவிழா. அந்த வருஷம் திருப்பலி முடிந்து ஜனம் கோயில் படியில் இறங்கும்போது பார்த்தால், பூங்கா ஓரத்தில், காப்பிக்கடை வாசலை மறித்துக்கொண்டு சிந்தா உட்கார்ந்திருந்தாள். முன்னால் பானை. நான் கிட்டே ஓடினேன். அவள் முகம் பழைய முகமாக இருந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், சொல்ல முடியாது.

நகராட்சிக் காவலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். கொமாத்ரே ஆயிற்றே, தொடலாமா கூடாதா என்று கையைப் பிசைந்தார்கள். அதற்குள் அபெலார்தோவே படியிறங்கி வந்தான், கை இரண்டையும் விரித்துக்கொண்டு.

"கொமாத்ரே! இந்த வெயில்ல இங்க என்ன பண்றீங்க?"

"அபெலார்தோ" என்றாள் அவள். வெறும் பேர். "நீ பொய் சொன்ன. பஸ் நிக்கும்னு ஊர் முன்னாடி வார்த்தை குடுத்த. நிக்கல. எங்க இடத்தைப் பிடுங்கி உன் மகளுக்குக் கடை வெச்ச. என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுட்டு என் வாயைக் கட்டுன. நீ திருடன்டா."

நான் எங்கள் பெண்களைப் பார்த்தேன். இப்போது எல்லாரும் அவள் பக்கம் வந்து நிற்பார்கள் என்று நினைத்தேன், மடச்சி நான். வித்துட்டா வித்துட்டா என்று இரண்டு வருஷம் அவளைத் தூற்றிய எதெல்வினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஐயோ சிந்தா, கொம்பாத்ரேயைப் பேர் சொல்லாத. நிறுத்துடி, பிள்ளைக்கு ஆகாது" என்று அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். ஒனெய்தா குழந்தையின் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அபெலார்தோ தலையைக் குனிந்துகொண்டான். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மெதுவாக, "என் கொமாத்ரேக்கு உடம்பு சரியில்ல. அவங்க என்ன சொன்னாலும் நான் திருப்பி ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பானையைப் பத்திரமா எடுத்து வீட்டுல கொண்டு போய் வைங்கப்பா" என்றான். ஒரு பெண் விசும்பினாள். "எப்பேர்ப்பட்ட மனுஷன்" என்று என் முதுகுக்குப் பின்னால் எவனோ சொன்னான். காவலர்கள் பானையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

அன்று சாயங்காலமே ஒனெய்தா ஒரு கோழியைக் கட்டி எடுத்துக்கொண்டு மேயர் வீட்டுக்குப் போய் அம்மாவுக்காக மன்னிப்புக் கேட்டாள். வேலை போய்விடும் என்ற பயம், குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். அவன் பெருந்தன்மையாக மன்னித்தான், ஆனால் கொமாத்ரே ஒரு வார்த்தை நேரில் சொன்னால் தன் மனசும் ஆறும் என்றான். ஒனெய்தா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போய்விட்டாள். சரி பண்ணிக்கொள்ளும்வரை ஜெர்சனை அந்த வீட்டு வாசலுக்குக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லி அனுப்பினாள். தமால் வாங்க ஆள் இல்லை. எதிரே வந்தவர்கள் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். பாவம் ஒட்டிக்கொள்ளுமாம். நான் போனேன். சோறு கொண்டு போனேன். அவள் ஒரு வாய் தின்பாள், பிறகு தட்டைத் தள்ளிவிடுவாள்.

"நான் சொன்னதுல எது பொய் பாவுலி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒண்ணும் பொய் இல்ல."

"அப்ப ஏன் ஒருத்தியும் வரல?"

நான் தட்டை எடுத்துக் கழுவி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பிறகு அவள் தலையில் துணி போட்டுக்கொண்டு கோயில் படிக்கு வந்தாள். ஊர் வழிவிட்டது. அபெலார்தோ படியின் கீழே, பூங்காவைப் பார்த்து நின்றிருந்தான். அவள் அவன் முன்னால் போய் நின்றாள்.

"மன்னிச்சுக்குங்க, கொம்பாத்ரே."

நாய்ப்பயல் அத்தோடு விட்டிருக்கலாம். "எதுக்கு கொமாத்ரே?" என்றான், ஒன்றுமே ஞாபகம் இல்லாதவன் போல. "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நீங்க பொய் சொன்னீங்கன்னு சொன்னதுக்கு."

அப்போது பத்து மணி பஸ் சந்தையைத் தாண்டி, வளைவு தாண்டி, பூங்கா ஓரத்தில் வந்து நின்றது. ஜனம் இறங்கிக் காப்பிக்கடைக்குள் போனார்கள். அவனும் பார்த்தான், அவளும் பார்த்தாள், படியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தோம். ஒனெய்தா குழந்தையோடு மரத்தடியில் காத்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொன்னேனா, கொமாத்ரே?" என்று கேட்டான்.

"இல்ல, கொம்பாத்ரே" என்றாள் சிந்தா.

அவன் அவளைக் கட்டி அணைத்தான். ஊர் கைதட்டியது. நான் தட்டவில்லை. எங்கள் பெண்களில் யார் யார் தட்டினார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டேன், அத்தனை பேரும் அந்த நடைபாதையில் அவளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து பிழைத்தவர்கள்.